மட்டக்களப்பில் குடல் நுண்ணங்கிப் பயிற்சி: சாப்பாட்டில் தேறியது, மாத்திரையில் சறுக்கியது

போசணையாளர்களுக்கென்று மட்டக்களப்பு நகரில் ஆறு சனிக்கிழமைகளாக நடந்த இந்தப் பயிற்சிக்குக் காசு கட்டிப் போகலாமா? கிளினிக்கில் ஏற்கெனவே நோயாளிகளைப் பார்க்கிறவர்கள் தாராளமாகப் போகலாம். படிப்பை முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருப்பவர்களுக்கு இப்போது அவசரமில்லை. மூன்றாம், நான்காம் வாரங்கள் மட்டுமே கட்டணத்துக்கு ஈடாகும். ஐந்தாம் வாரத்தை விட்டிருந்தால் பயிற்சியின் பெயர் கெட்டிருக்காது.

முதல் வாரம் அடிப்படை. மனிதக் கலம் ஒன்றுக்குப் பத்துப் பற்றீரியா என்ற பழைய கணக்கைத் திருத்தியே தொடங்கினார்கள். இன்றைய மதிப்பீடு ஏறத்தாழ 38 இலட்சம் கோடி பற்றீரியா, 30 இலட்சம் கோடி மனிதக் கலங்கள்; அந்தப் பற்றீரியா முழுவதையும் நிறுத்தால் 200 கிராம் அளவில்தான் வரும். நாம் செரிக்காத நார் பெருங்குடலில் நொதித்து அசிடேட், புரொப்பியோனேட், பியூட்டிரேட் என்ற குறுஞ்சங்கிலிக் கொழுப்பமிலங்களாக மாறுவதும், பெருங்குடல் சுவரின் கலங்கள் பியூட்டிரேட்டையே முதன்மை எரிபொருளாக எடுப்பதும் நன்றாக விளக்கப்பட்டன. ஒரு குறை: ஃபேர்மிகியூட்டஸ், பற்றிராய்டீட்டஸ் என்ற இரண்டு பெரும் கூட்டங்களின் விகிதத்தை உடற்பருமனின் அடையாளமாகக் காட்டும் பழைய படத்தை எந்தக் கேள்வியும் இல்லாமல் ஓட்டினார்கள். பிந்தைய ஆய்வுகளில் அந்த விகிதம் ஒரே மாதிரி வரவில்லை. அதைச் சொல்லாமல் விட்டால், கேட்டவர்கள் நாளைக்கு நோயாளியிடம் அதையே ஒப்புவிப்பார்கள்.

இரண்டாம் வாரம் நோயாளியிடம் என்ன கேட்பது என்பது பற்றியது. சாப்பாட்டுக்கு முன் மருந்துப் பட்டியலைக் கேளுங்கள் என்றார்கள். சரியான வரிசை. நீரிழிவுக் கிளினிக்கில் வயிறு ஊதுகிறது, வயிற்றால் போகிறது என்று முறையிடுகிறவர்களில் பலர் மெட்போமின் என்ற நீரிழிவு மாத்திரை எடுப்பவர்கள். பருப்பைக் குற்றம் சொல்லுமுன், மாத்திரை எப்போது தொடங்கியது, அளவு எப்போது கூடியது, சாப்பாட்டோடு எடுக்கிறாரா என்று பார்க்க வேண்டும். நீரிழிவுக்காரரின் குடல் நுண்ணங்கிகள் இப்படித்தான் இருக்கும் என்று முன்பு சொல்லப்பட்டதில் ஒரு பங்கு உண்மையில் மெட்போமினின் வேலை என்று 2015இல் வெளியான ஆய்வு காட்டியது. ஒமெப்ரசோல் போன்ற அமிலக் குறைப்பி மருந்துகளும் அப்படித்தான். வயிற்று அமிலம் குறைந்தால் வாயிலுள்ள பற்றீரியா கீழே இறங்கிக் குடலில் தங்க வழி கிடைக்கிறது. அடுத்தது, கடந்த மூன்று மாதத்தில் அன்ரிபயோடிக் எடுத்தாரா என்பது. மருந்தை நிறுத்துவதோ மாற்றுவதோ மருத்துவரின் வேலை, போசணையாளர் எழுதிக்கொடுத்து அனுப்பினால் போதும் என்று திரும்பத் திரும்பச் சொன்னது நல்லது.

மலத்தின் வடிவத்தை ஏழு வகையாகக் காட்டும் பிரிஸ்டல் அட்டையையும் பழக்கினார்கள். 'ஒழுங்காகப் போகுது' என்ற பதிலை நம்பாமல் அட்டையை நீட்டினால், கூச்சப்படுகிறவர்கூட விரலை வைத்துக் காட்டிவிடுவார். 3, 4 வழமையானவை. 1, 2 மலச்சிக்கல்.

மூன்றாம் வாரத்தில்தான் பயிற்சிக்கு உயிர் வந்தது. வளர்ந்தவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் நார் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. எங்கள் பகுதிச் சாப்பாட்டில் அது எப்படி வரும் என்று பலகையில் கணக்குப் போட்டார்கள். அவித்த வெள்ளைச் சோறு 300 கிராமில் நார் ஒன்றரைக் கிராம்கூட இல்லை. வெள்ளை மா இடியப்பமும் சொதியும், இரவுக்குப் பாண் என்று போனால் நாள் முழுவதும் சேர்த்துப் பாதியைத் தொடுவதே கடினம். மாற்றம் சோற்றைக் குறைப்பதில் தொடங்கவில்லை, அதுதான் பிடித்தது. 60 கிராம் குரக்கன் மாவும் 30 கிராம் தேங்காய்ப்பூவும் சேர்த்த பிட்டு: 9 கிராமுக்குச் சற்று மேல். அவித்த பருப்பு 100 கிராம்: 8 கிராம் அளவில். ஒரு நடுத்தரக் கொய்யா: 5 கிராம். இத்தோடு ஒரு கீரைச் சுண்டலும் சோற்றில் இருப்பதும் சேர்ந்தால் 25ஐத் தாண்டிவிடும். சந்தையில் கிடைக்காத ஒன்றும் இதில் இல்லை. பின்னேரத் தேநீரோடு பிஸ்கட்டுக்குப் பதிலாக அவித்த கௌபி 100 கிராம் வைத்தால் இன்னும் ஆறு கிராம்.

இதில் எது பிழைக்கும் என்பதையும் சொன்னார்கள். 12 கிராமில் இருப்பவரை ஒரே வாரத்தில் 30க்கு ஏற்றினால் வாயு, வயிற்றுப் பொருமல். மூன்றாம் நாளே 'மிஸ் சொன்ன சாப்பாடு ஒத்துக்கொள்ளேல்ல' என்று நிறுத்திவிடுவார். வாரத்துக்கு 5 கிராம் வீதம் ஏற்றுவது, கூடவே தண்ணீரையும் ஏற்றுவது. கௌபி, கடலை, பயறு என்பவற்றை 8 முதல் 12 மணிநேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டுப் புதுத் தண்ணீரில் அவிக்க வேண்டும். வாயுவைக் கிளப்பும் ராபினோஸ் வகைச் சர்க்கரைகளில் ஒரு பங்கு ஊறல் தண்ணீரோடு போய்விடும். வயிற்றுவலியும் மலப்போக்குக் குழப்பமும் அடிக்கடி வரும் எரிச்சல் குடல் உள்ளவருக்குப் பருப்பைவிடச் சின்ன வெங்காயமும் உள்ளியும் கூடுதலாகத் தொல்லை தரலாம் என்பது பலருக்குப் புதுச் செய்தி. அவற்றையும் குடலில் எளிதில் நொதித்து வாயு தரும் மற்ற உணவுகளையும் நீக்கும் குறை-ஃபொட்மப் சாப்பாடு இரண்டு முதல் ஆறு வாரத்துக்கு மட்டும். அதற்குமேல் இழுக்கக்கூடாது; அந்தச் சாப்பாட்டில் நன்மை தரும் பிஃபிடோபற்றீரியாவும் குறைகிறது. திரும்பச் சேர்க்கும் கட்டத்தை எழுதிக்கொடுக்காமல் நீக்கும் பட்டியலை மட்டும் கொடுப்பது அரைகுறை வேலை.

ஆறவைத்த சோறு பற்றிய பகுதியில் எங்களுக்கு ஒரு தர்க்கம் உண்டு. ஓர் இந்தோனேசிய ஆய்வில் சுடச்சுட எடுத்த வெள்ளைச் சோற்றில் 100 கிராமுக்கு 0.64 கிராம் செரிக்காத மாப்பொருள் இருந்தது. அறை வெப்பத்தில் 10 மணிநேரம் ஆறியதில் 1.30; குளிரூட்டியில் ஒரு நாள் வைத்துச் சூடாக்கியதில் 1.65. இந்த எண்களைக் காட்டியதும் மண்டபமே சோற்றை ஆறவைக்கத் தயாராகிவிட்டது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 300 கிராம் சோற்றில் கூடுவது 3 கிராம். முக்கால் கொய்யாவும் இல்லை. அதற்காகக் குளிரூட்டி இல்லாத வீட்டில் சோற்றை இரவு முழுக்க வெளியே வைக்கச் சொல்வது ஆபத்து. பசிலஸ் சீரியஸ் என்ற பற்றீரியாவின் வித்திகள் அவிக்கும்போது சாவதில்லை. எங்கள் 30 பாகைச் சூட்டில் அவை முளைத்து நஞ்சை விட்டால், வாந்தியைத் தரும் அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. குளிரூட்டி இருந்தால் அகன்ற தட்டில் பரப்பி, ஒரு மணிநேரத்துக்குள் உள்ளே வைத்து, ஒரே ஒரு முறை ஆவி பறக்கச் சூடாக்கிச் சாப்பிடலாம். இல்லாவிட்டால் ஆறிய சோற்றை விட்டுவிட்டு ஒரு கரண்டி பருப்பைக் கூட்டுவது மேல்.

பழஞ்சோற்றை இதோடு சேர்த்துக் குழப்பினார்கள். அது தண்ணீரில் மூழ்கிப் புளிக்கும் உணவு. புளிப்பு ஏறினால்தான் கேடு செய்யும் பற்றீரியா அடங்கும். சோறு முழுவதும் மூழ்க வேண்டும், கொதித்தாறிய தண்ணீராக இருக்க வேண்டும், பானை கழுவிக் காய்ந்ததாக இருக்க வேண்டும். காலையில் வழுவழுப்போ நாற்றமோ இருந்தால் கொட்டிவிட வேண்டும். கைக்குழந்தைக்கும் புற்றுநோய் மருந்து எடுப்பவருக்கும் பழஞ்சோற்றைப் பரிந்துரைக்க வேண்டாம்.

நான்காம் வாரம் தயிர். எருமைத் தயிருக்குப் பெயர்போன ஊரில் இதைத் தொடாமல் போக முடியாது, தொட்ட விதமும் நேர்த்தி. மேசைக்கு ஒரு வெப்பமானி கொடுத்து, பாலைக் காய்ச்சி, 42 முதல் 45 பாகைக்கு ஆறவிட்டு, லீற்றருக்கு இரண்டு மேசைக்கரண்டி உறை சேர்த்துச் சட்டியில் ஊற்றவைத்தார்கள். கை சூடு பொறுத்தால் போதும் என்று பழகியவர்கள் பலர் 50 பாகைக்கு மேல் உறையைப் போட்டுவந்தது வெப்பமானியில் தெரிந்தது. அந்தச் சூட்டில் உறைப் பற்றீரியா சரியாக வளராது, செத்தும் போகலாம்; பால் ஒழுங்காக உறையாது. மடி வீக்கத்துக்கு அன்ரிபயோடிக் போட்ட எருமையின் பாலும் உறையாது. அது உறையாமல் போவது ஒருவகையில் எச்சரிக்கை. ஒரே உறையை மாதக்கணக்கில் தொடர்ந்தால் காட்டு மதுவம் (ஈஸ்ட்) சேர்ந்து தயிரில் குமிழ் ஓட்டைகள் விழும், கள்ளு வாசம் வரும். அப்போது புது உறை மாற்ற வேண்டும். மண் சட்டி நீரை உறிஞ்சுவதால் கட்டி கூடுகிறது, இதற்கு வேறு மாயம் தேவையில்லை.

எல்லாத் தயிரும் புரொபயோடிக் அல்ல என்ற விடயத்தையும் தெளிவாக்கினார்கள். உயிருள்ள நுண்ணங்கி, போதிய அளவு, உடலுக்கு நன்மை என்ற மூன்றும் தேவை என்பது 2014இல் நிபுணர் குழு உறுதிசெய்த வரைவிலக்கணம். சட்டித் தயிரில் எந்த இனம், எந்த வகை, எத்தனை என்று யாரும் எண்ணி வைக்கவில்லை. ஆனாலும் புளித்த உணவு என்ற அளவில் அதற்கு மதிப்பு உண்டு: 2021இல் வெளியான ஸ்டன்ஃபோர்ட் ஆய்வில் பத்து வாரம் புளித்த உணவுகளைக் கூட்டியவர்களின் குடலில் நுண்ணங்கி வகைகள் பெருகின, அழற்சிக் குறிகாட்டிகள் பல குறைந்தன. பங்கேற்றவர்கள் 36 பேர்தான், அதையும் மறக்கக்கூடாது. நோயாளிக்குச் சொல்ல வேண்டியது எளிது. தயிரைக் கொதிக்கும் கறியில் விட்டால் பற்றீரியா சாகும். எருமைத் தயிர் 100 கிராமில் 7 கிராம் அளவுக்குக் கொழுப்பு உண்டு. தயிரில் விடும் இனிப்புப் பாணி இரண்டு மேசைக்கரண்டியில் சர்க்கரை 25 கிராமை எட்டும். நீரிழிவுக்காரருக்குத் தயிரை அனுமதித்துப் பாணியைப் பற்றிப் பேசாமல் விடுவது எங்கள் கிளினிக்குகளில் அடிக்கடி நடக்கிறது.

ஐந்தாம் வாரம் மலப் பரிசோதனையும் புரொபயோடிக் கப்சியூலும். மண்டப வாசலில் அனுசரணையாளரின் மேசை, உள்ளே அதே நிறுவனத்தின் படங்கள். பயிற்சி நடத்துகிறவர்கள் இதை வெட்கப்பட்டுத் தவிர்த்திருக்க வேண்டும். மலத்திலுள்ள பற்றீரியாவை இனங்காண அவற்றின் 16எஸ் என்ற மரபணுவைப் படித்துத் தரும் அறிக்கை வீதத்தை மட்டுமே சொல்கிறது. ஒரு கூட்டம் 20 சதவீதத்திலிருந்து 40க்கு ஏறியிருந்தால், அது பெருகியதா, மற்றவை செத்ததா என்று அந்த அறிக்கையால் சொல்ல முடியாது. ஒரே மாதிரியை வேறு ஆய்வுகூடத்துக்கு அனுப்பினால் முடிவு மாறும். அதை வைத்து உணவுத் திட்டம் எழுதும் நிலைக்கு விஞ்ஞானம் இன்னும் வரவில்லை. இதில் ஒரு வரியும் அன்று சொல்லப்படவில்லை.

கப்சியூல் விடயத்திலும் அப்படியே. அமெரிக்க இரைப்பை குடலியல் சங்கம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டி, எரிச்சல் குடல் உட்படப் பல நிலைகளுக்குப் புரொபயோடிக்கை ஆய்வுக்கு வெளியே பரிந்துரைக்கவில்லை. அன்ரிபயோடிக் முடிந்ததும் எல்லோருக்கும் ஒரு கோர்ஸ் கொடுங்கள் என்ற ஆலோசனையும் தவறு: 2018இல் வந்த ஓர் ஆய்வில், அப்படிக் கொடுக்கப்பட்டவர்களின் சொந்த நுண்ணங்கிகள் மீள்வது தாமதமானது. வாங்கத்தான் வேண்டுமென்றால் லேபலில் இனத்தோடு வகை எண்ணும் இருக்க வேண்டும், உயிருள்ள எண்ணிக்கை காலாவதித் திகதி வரைக்கும் என்று எழுதப்பட்டிருக்க வேண்டும். தயாரித்த அன்றைய எண்ணிக்கையால் பயனில்லை. வெயில் விழும் அலுமாரியில் கிடந்த பெட்டியில் அதில் எவ்வளவு மிச்சம் என்று யாருக்குத் தெரியும்.

ஆறாம் வாரம் நோயாளர் கலந்துரையாடல். கல்முனை, அக்கரைப்பற்று, காத்தான்குடியிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்த நோன்புகால மலச்சிக்கல் பற்றிய பேச்சு அருமை: நோன்பு திறந்தது முதல் சஹர் வரை தண்ணீரைப் பங்கிட்டுக் குடிப்பது, கஞ்சியில் பச்சரிசியில் ஒரு பங்கைக் குறைத்துப் பயறு சேர்ப்பது, சஹருக்கு வெள்ளைச் சோற்றோடு நிறுத்தாமல் பருப்பும் கீரையும் வைப்பது. மருத்துவர் சொன்ன மாத்திரை நேரங்களோடு பொருத்திப் பேசியதால் அப்படியே கிளினிக்குக்கு எடுத்துப் போகலாம்.

பெரிய ஏமாற்றம், நிறை குறைந்த பிள்ளைகள் பற்றிய பகுதி ஐந்து நிமிடத்தில் முடிந்தது. எங்கள் மாவட்டங்களில் போசணையாளருக்கு அதைவிடப் பெரிய வேலை எது? பங்களாதேஷின் டாக்காவில் 12 முதல் 18 மாதப் பிள்ளைகள் 118 பேரை வைத்து நடந்த ஆய்வு 2021இல் வெளியானது. குடல் நுண்ணங்கிகளைக் குறிவைத்துச் செய்த உணவில் இருந்தவை கடலை மா, கச்சான் (நிலக்கடலை), சோயா, பச்சை வாழைக்காய், எண்ணெய், சீனி, விற்றமின்கள். வழமையான நிறைகூட்டும் உணவைவிட அதில் கலோரி குறைவு. ஆனாலும் மூன்று மாதத்தில் நிறை வளர்ச்சி அதில்தான் கூடியது. சேர்மானம் எல்லாம் இங்குள்ள கடையில் இருப்பவை, அதனாலேயே எச்சரிக்கையோடு படிப்பிக்க வேண்டிய பாடம் இது. விற்றமின் கலவை இல்லாமல் வீட்டில் அரைத்தது அந்த உணவாகாது. பூஞ்சை பிடித்த கச்சானில் அஃப்லாடொக்சின் என்ற நஞ்சு இருக்கலாம். முழுக் கச்சான் சின்னப் பிள்ளையின் தொண்டையில் அடைக்கும். சோளமும் சோயாவும் சேர்ந்த திரிபோஷா என்ற சத்துமாவை நிறுத்திவிட்டு இதைக் கொடு என்று ஒருவரும் சொல்ல முடியாது. இதற்கு ஒரு முழுச் சனிக்கிழமை கொடுத்திருக்கலாம், ஐந்தாம் வாரத்தையே கொடுத்திருக்கலாம்.

மற்றவை சுருக்கமாக. பேச்சு தமிழில், படங்கள் ஆங்கிலத்தில். நோயாளிக்குக் கொடுக்கக்கூடிய தமிழ்த் தாள் ஒன்றும் கையில் தரவில்லை. வருகைச் சான்றிதழ் மட்டும், பரீட்சை இல்லை. சாப்பாடு நல்லது, ஆனால் நார் பற்றிய வகுப்பன்று இடைவேளைக்குக் கிரீம் பிஸ்கட் வைத்தார்கள். அடுத்த தொகுதிக்குப் பதிவு செய்கிறவர்கள், ஐந்தாம் வாரத்தின் செலவை யார் கட்டுகிறார்கள் என்று முன்கூட்டியே கேளுங்கள். உங்கள் நோயாளி ஒருவரின் மூன்று நாள் சாப்பாட்டுப் பதிவையும் மருந்துப் பட்டியலையும் பெயரை நீக்கிவிட்டுக் கொண்டுபோங்கள், ஆறாம் வாரத்தில் முதலில் எடுப்பது அப்படி வந்தவர்களுடையதைத்தான்.