வாக்கியக் கணக்கு: சுருக்குவழியா, சமன்பாடா?

பெரம்பூர் ரயில் நிலைய வாசலை மனத்தில் வைத்து, என்னிடம் படிக்கும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் தரும் வாக்கியக் கணக்கு, அதாவது வாக்கியமாகச் சொல்லும் கணக்கு, இது: பைக்கும் ஆட்டோவுமாக 40 வண்டிகள், 110 சக்கரங்கள். ஆட்டோ எத்தனை?

சுருக்குவழி பழகிய பிள்ளை நொடியில் சொல்லிவிடும். எல்லாமே பைக் என்றால் 80 சக்கரம், மிச்சம் 30. ஆட்டோவுக்கு ஒரு சக்கரம் கூடுதல் என்பதால் 30 ஆட்டோ. அழகான வழி. வயதுக் கணக்கிலும் இப்படி ஒன்று உண்டு. அம்மாவுக்கு 36, மகளுக்கு 8. அம்மாவின் வயது மகளின் வயதைப் போல் மும்மடங்காவது எப்போது? இருவருக்கும் இடையே உள்ள 28 என்றும் மாறாது. மும்மடங்காகும்போது அந்த 28 மகளின் வயதைப் போல் இருமடங்கு. ஆகவே மகளுக்கு 14 ஆகும்போது, இன்னும் 6 ஆண்டில். போட்டித் தேர்வு எழுதுபவர்கள் இவற்றை விடவே கூடாது. ஆனால் ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு புதுத் தந்திரம் தேட வேண்டியிருக்கிறது.

இன்னொன்று பழைய வழி. விடையாக நமக்கு வசதியான ஓர் எண்ணை வைத்துத் தொடங்கி, பிறகு விகிதத்தால் சரிசெய்வது. பாஸ்கராசாரியார் 1150-இல் எழுதிய லீலாவதி என்ற கணித நூலில் அதற்கு இஷ்டகர்மம் என்று பெயர். சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு வாடகை, நான்கில் ஒரு பங்கு பள்ளிக் கட்டணம், மீதி 10,000 ரூபாய். சம்பளம் 12 என்று வைத்துக்கொண்டால் 4, 3 போக மீதி 5. உண்மையான மீதி அதைப் போல் 2,000 மடங்கு, சம்பளம் 24,000. பின்னம் தலைகாட்டவே இல்லை! ஆனால் பஸ் பாஸுக்கு 1,000 ரூபாயும் போகத்தான் மீதி 10,000 என்று மாற்றிப் பாருங்கள், விகிதம் கலைந்துவிடும். முதலில் 1,000-ஐ மீதியோடு கூட்டிக்கொண்டால் தப்பலாம். அது தோன்ற வேண்டுமே. சம்பளத்தை ‘ச’ என்று வைத்து ச – ச/3 – ச/4 = 10,000 என்று எழுதும் சமன்பாட்டில், இடப்பக்கம் ‘– 1,000’ என்று ஓர் உறுப்பு சேரும், அவ்வளவுதான். விடை 26,400.

என் தேர்வு சமன்பாடுதான். பிள்ளைகள் திணறுவது அதைத் தீர்ப்பதில் அல்ல, எழுதுவதில். அதற்குக் கைகொடுப்பது நாம் திட்டித் தடுக்கிற ஊகம்.

ஒரு மாணவி ஆட்டோ 20 என்று எழுதினாள். “சும்மா போட்டுப் பார்த்தேன் சார்.”

“சரியா என்று எப்படிப் பார்ப்பாய்?”

20 × 3 + 20 × 2 = 100 என்று எழுதினாள். “பத்து குறைகிறது சார்.”

“இரண்டாவது 20 எங்கிருந்து வந்தது?”

“40-இல் 20 போக மீதி.”

“அதை அப்படியே எழுது.”

20 × 3 + (40 – 20) × 2. ஆட்டோவைக் குறித்த 20 இரண்டு இடத்தில் இருந்தது. இரண்டையும் அழித்து ‘ம’ என்று போடச் சொன்னேன். 100 இருந்த இடத்தில் 110. மீதியை அவளே எழுதினாள்: 3ம + 80 – 2ம = 110. ம = 30.