ஒரு ஷில்லிங்குக்கு எத்தனை சொல்? பொதுத் தந்தியும் பத்திரிகைத் தந்தியும்

1870 பிப்ரவரியில் பிரிட்டனின் தந்திக் கம்பிகள் தனியார் கம்பெனிகளிடமிருந்து அஞ்சல் துறையின் கைக்கு வந்தன. அன்று முதல், ஒரே கம்பியில் ஒரே ஊழியர் அனுப்பும் சொற்களுக்கு இரண்டு வேறு விலைகள் சட்டத்தின் பலத்தோடு நடைமுறைக்கு வந்தன. ஒன்று பொதுமக்களுக்கு, மற்றொன்று பத்திரிகைகளுக்கு. இவ்விரண்டையும் ஒப்பிடும்போது பலரும் முதல் வரியில் இருக்கும் விலையை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். உண்மையான வேறுபாடு எதைச் சொல்லாக எண்ணினார்கள் என்பதிலும், கூடுதல் பிரதிக்கு என்ன வாங்கினார்கள் என்பதிலும்தான் இருக்கிறது.

பொதுமக்களின் கட்டணம் எளிமையானது. இருபது சொற்களுக்கு ஒரு ஷில்லிங், அதற்கு மேல் ஒவ்வொரு ஐந்து சொல்லுக்கும் மூன்று பென்ஸ். அனுப்புநர், பெறுநர் இருவரின் பெயருக்கும் முகவரிக்கும் கட்டணம் கிடையாது. முன்பு கம்பெனிகள் நூறு மைல் வரை ஒரு ஷில்லிங், இருநூறு மைல் வரை ஒன்றரை ஷில்லிங், அதற்கு அப்பால் இரண்டு ஷில்லிங் என்று தூரத்தை அளந்து வாங்கிவந்தன. நாடு முழுவதற்கும் ஒரே விலை என்பது தொலைவில் இருந்தவர்களுக்குப் பெரிய விடுதலை.

பத்திரிகைக்கான விகிதத்தை 1868ஆம் ஆண்டின் தந்திச் சட்டமே வரையறுத்தது. மாலை ஆறு மணி முதல் காலை ஒன்பது மணி வரை அனுப்பினால் நூறு சொற்களுக்கு ஒரு ஷில்லிங். பகலில் எழுபத்தைந்து சொற்களுக்கு ஒரு ஷில்லிங். இதே செய்தி வேறொரு முகவரிக்கும் போக வேண்டுமானால், ஒவ்வொரு கூடுதல் முகவரிக்கும் அதே அளவு சொற்களுக்கு வெறும் இரண்டு பென்ஸ். பதிவு செய்யப்பட்ட பத்திரிகைகளோடு செய்தி வாசிப்பு அறைகள், மன்றங்கள், வணிகர் கூடும் பரிவர்த்தனை அறைகள் ஆகியவையும் இச்சலுகையைப் பெற்றன.

பன்னிரண்டு பென்ஸ் ஒரு ஷில்லிங், இருபது ஷில்லிங் ஒரு பவுண்டு என்ற கணக்கில் இதைப் போட்டுப் பார்க்கலாம். ஓர் அரசியல் தலைவரின் உரையை ஆயிரம் சொற்களில் சுருக்கி, இரவில், பத்துப் பத்திரிகைகளுக்கு அனுப்புவதாகக் கொள்வோம். முதல் முகவரிக்குப் பத்து ஷில்லிங். மீதி ஒன்பது முகவரிகளுக்கு, நூறு சொல்லுக்கு இரண்டு பென்ஸ் வீதம், ஒவ்வொன்றுக்கும் இருபது பென்ஸ். ஆக நூற்று எண்பது பென்ஸ், அதாவது பதினைந்து ஷில்லிங். மொத்தச் செலவு இருபத்தைந்து ஷில்லிங். பத்திரிகைகள் தமக்குள் பகிர்ந்துகொண்டால் ஆளுக்கு இரண்டரை ஷில்லிங். அதே ஆயிரம் சொற்களைச் சாதாரண மனிதர் ஒருவர் ஒரே ஒரு முகவரிக்கு அனுப்பினால் ஐம்பது ஷில்லிங். பத்து முகவரிக்கும் தனித்தனியே அனுப்பினால் இருபத்தைந்து பவுண்டு, அதாவது பத்திரிகை கொடுத்ததைப் போல் இருபது மடங்கு.

இந்த இரண்டு பென்ஸ் பிரதிதான் முழு ஒப்பீட்டின் மையம். கூடுதல் முகவரி வேறு ஊரில் இருந்தாலும் விலை மாறவில்லை என்பது அஞ்சல் துறைக்குப் பெரும் சுமையாயிற்று. துறையின் பக்கம் ஒரு தொழில்நுட்ப வசதி இருந்தது உண்மைதான். வீட்ஸ்டன் தானியங்கிக் கருவியில் செய்தியைக் காகித நாடாவில் துளைகளாகப் பதித்துக்கொள்வார்கள். ஒருமுறை தயாரான நாடாவை வேறு கம்பியிலும் மறுபடி ஓட்டலாம், ஒரே தொடரில் இணைந்த பல ஊர்கள் ஒரே நேரத்தில் செய்தியைப் பெறலாம். ஆனால் பெறும் இடத்தில் இன்னொருவர் உட்கார்ந்து புள்ளிகளையும் கோடுகளையும் படித்து மெல்லிய தாளில் எழுதியாக வேண்டும், ஒரு பையன் அதை அச்சகத்துக்குக் கொண்டு ஓட வேண்டும். அந்த உழைப்புக்கு நூறு சொல்லுக்கு இரண்டு பென்ஸ் போதவில்லை. பத்திரிகைத் தந்திகளில் துறை தொடர்ந்து நட்டம் கண்டது.

அப்படியிருந்தும் இந்தச் சலுகையைத் தவறென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கம்பெனிகளின் காலத்தில் செய்தியைத் திரட்டுவதும் அனுப்புவதும் அவர்களிடமே இருந்தன. தரமும் அளவும் போதவில்லை என்று மாகாணப் பத்திரிகைகள் ஆண்டுக்கணக்கில் குறைகூறிவந்தன. 1868இல் அவை ஒன்றுகூடி பிரஸ் அசோசியேஷன் என்ற கூட்டு நிறுவனத்தைத் தொடங்கின. ஒரே செய்தியைப் பலருக்கும் அனுப்பும் அத்தகைய அமைப்புக்காகவே அளவெடுத்துத் தைத்தது போல அமைந்தது இரண்டு பென்ஸ் விதி. லண்டனிலிருந்து நூற்றுக்கணக்கான மைல் தள்ளியிருந்த ஊரின் வாசகரும் நாடாளுமன்ற விவாதத்தை மறுநாள் காலையிலேயே படிக்க முடிந்ததற்கு இந்த விலை முக்கியக் காரணம்.

பெரிய பத்திரிகைகளுக்கு மூன்றாவது வழி ஒன்றும் இருந்தது. நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் தனிக் கம்பி ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். அதற்குச் சட்டம் விதித்த உச்சவரம்பு ஆண்டுக்கு 500 பவுண்டு. இது பத்தாயிரம் ஷில்லிங். இரவு விகிதப்படி பத்து லட்சம் சொற்களுக்கான விலை. ஆண்டுக்கு முந்நூறு இரவுகள் என்று வைத்தால், இரவுக்கு ஏறத்தாழ 3,300 சொற்களுக்கு மேல் வாங்கும் பத்திரிகைக்குத் தனிக் கம்பியே லாபம். அதைவிடக் குறைவாக வாங்குபவர்களுக்குக் கூட்டுப் பிரதியை வெல்ல எதுவும் இல்லை.

மலிவுக்கு ஈடாகப் பத்திரிகை சில கட்டுப்பாடுகளை ஏற்றது. பத்திரிகை விகிதத்தில் செல்வது வெளியிடுவதற்கான செய்தியாக இருக்க வேண்டும்; அதற்குள் சொந்த விஷயத்தையோ வியாபாரத் தகவலையோ நுழைக்கக் கூடாது. எல்லை கடந்த தந்திகளில் இது இன்னும் கூர்மையாகத் தெரிந்தது. 1866இல் அட்லாண்டிக் கடலடிக் கம்பியில் இருபது சொற்களுக்கு 20 பவுண்டு. அந்த விலை 1888இல் சொல்லுக்கு ஒரு ஷில்லிங் என்ற நிலைக்கு இறங்கிய பிறகும், வணிகர்கள் ஒரு முழு வாக்கியத்தை ஒரே சொல்லில் அடக்கும் குறியீட்டுப் புத்தகங்களை விடவில்லை. சலுகை விகிதத்தில் அனுப்பும் நிருபருக்கு அந்த வழி அடைபட்டிருந்தது. வெளிப்படையான மொழியில்தான் எழுத வேண்டும். அவர் இடைச்சொற்களை உதிர்த்தார், இரண்டு சொற்களை ஒட்டி ஒன்றாக்கினார், விட்டதை அலுவலகத்தில் இருக்கும் உதவி ஆசிரியர் நிரப்பிக்கொள்வார் என்று நம்பினார்.

பொதுக் கட்டணம் 1885 அக்டோபரில் மாறியது. பன்னிரண்டு சொற்களுக்கு ஆறு பென்ஸ், கூடுதல் சொல் ஒவ்வொன்றுக்கும் அரைப் பென்னி. பாதி விலை என்று இதைக் கொண்டாடியவர்கள் ஒரு விதியைக் கவனிக்க வேண்டியிருந்தது: இனி முகவரியும் எண்ணப்படும். இருபது சொல் செய்தியோடு பத்துச் சொல் முகவரி சேர்ந்தால் முப்பது. ஆறு பென்ஸுடன் பதினெட்டு அரைப் பென்னிகள் சேர்ந்து பதினைந்து பென்ஸ். பழைய கணக்கில் அதே தந்தி பன்னிரண்டு பென்ஸ்தான். முகவரியோடு சேர்த்து இருபத்து நான்கு சொல்லைத் தாண்டினால், இருபது சொல்லுக்கு உட்பட்ட செய்திக்குப் புதிய விகிதமே அதிகச் செலவு. “நாளை வருகிறேன்” என்று சுருக்கமாக எழுதுபவருக்கு மட்டுமே அது உண்மையான மலிவு. ஆண்டுக்கு ஒரு கினி, அதாவது இருபத்தொரு ஷில்லிங் கட்டி, சுருக்க முகவரியைப் பதிவு செய்துகொண்ட நிறுவனங்கள் இந்தச் சுமையிலிருந்து எளிதாகத் தப்பின. வீட்டு முகவரியை முழுதாக எழுத வேண்டிய குடும்பங்களுக்கு அவ்வளவு பணம் கட்டுவதில் பொருளில்லை.

பின்னர் பொதுமக்களின் ஆறு பென்ஸும் நிலைக்கவில்லை. 1915இல் பன்னிரண்டு சொற்களுக்கு ஒன்பது பென்ஸ், 1920இல் ஒரு ஷில்லிங். 1935இல் ஆறு பென்ஸ் திரும்பி வந்தபோது அதற்குக் கிடைத்தவை ஒன்பது சொற்கள். முகவரி அதிலேயே அடக்கம்.