மூன்று வருட ஓட்டக் கடிகாரம்: எல்லாம் சரி, அந்த ஒரு எண்ணைத் தவிர

போன மாதம் கடிகாரத்தின் பட்டை இரண்டாவது முறையாக அறுந்தது. புதுசு மாட்டிய அன்றே நண்பர் ஒருவர் கேட்டார்: "அதே மாடல் விலை இறங்கியிருக்கு, வாங்கலாமா?"

பேட்டரி, இதயத் துடிப்பு, தூக்கக் கணக்கு எதிலும் குறையில்லை. என் சண்டையெல்லாம் 'இப்போதைய பேஸ்' (இந்த வேகத்தில் ஒரு கிலோமீட்டர் ஓட எத்தனை நிமிடம், நொடி ஆகும்) என்று திரையில் துள்ளும் எண்ணோடுதான். ஒரே சீராக ஓடிக்கொண்டிருப்பேன். மர நிழலில் 5:20 காட்டும், மேம்பாலத்துக்கு அடியில் 6:30. செயற்கைக்கோள் சிக்னல் மறைந்தும் கட்டடங்களில் பட்டுத் தெறித்தும் வருவதால் வரும் குழப்பம் என்று எனக்குத் தெரியும். கால்களுக்குத் தெரியாதே. 6:30ஐக் கண்டதும் தாமாக வேகமெடுக்கும். முதல் மராத்தானில் பாதி தூரம் அந்த எண்ணைத் துரத்திவிட்டு, 32ஆவது கிலோமீட்டரில் நடக்க ஆரம்பித்தேன்.

அடுத்த முறை புத்திசாலித்தனமாகச் சராசரி பேஸை வைத்துக்கொண்டேன். நான்கு மணி நேரத்தில் முடிக்கக் கிலோமீட்டருக்கு 5:41. கடிகாரமும் கடைசிவரை 5:41 என்றே காட்டியது. முடித்ததோ 4 மணி 2 நிமிடத்தில்! அதன் கணக்கில் நான் ஓடியது மராத்தானின் 42.195 கிலோமீட்டர் அல்ல, 42.6. பந்தயப் பாதையை வளைவுகளின் மிகக் குறுகிய கோட்டில் அளக்கிறார்கள். நாம் கூட்டத்தை விலக்கி, தண்ணீர் மேசைக்கு ஒதுங்கி ஓடுகிறோம்; ஜிபிஎஸ்ஸும் தன் பங்குக்குக் கொஞ்சம் கூட்டுகிறது. தப்பு பாதி என்னுடையதுதான். அன்று கேட்டிருந்தால் ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன்.

அப்புறம்தான் லேப் பட்டனைக் கவனித்தேன். அதை அழுத்தினால் அதுவரையான துண்டின் நேரத்தைப் பதிந்துவிட்டு, அடுத்த துண்டுக்குப் புதிதாக எண்ணத் தொடங்கும். தானாக லேப் போடுவதை அணைத்துவிட்டேன். ஒவ்வொரு கிலோமீட்டர் பலகையைத் தாண்டும்போதும் நானே அழுத்துகிறேன். வியர்வையில் தொடுதிரை அடம்பிடிக்கும், இந்தப் பட்டன் மட்டும் 'டக்' என்று அழுந்தும். திரையில் லேப் நேரம் மட்டும், பெரிய எழுத்தில். 5:39, 5:42, 5:40. நடுவில் கையைப் பார்ப்பதே இல்லை, மூச்சை மட்டும் கேட்டுக்கொண்டு ஓடுகிறேன். 2019இல் வியன்னாவில் கென்ய வீரர் கிப்சோகே மராத்தான் தூரத்தை 1:59:40 மணி நேரத்தில் ஓடியபோது முன்னால் போன கார் சாலையில் லேசர் கோடு போட்டு வேகம் காட்டியது. எனக்கு இந்த 'டக்' போதும்.

நண்பரிடம் வாங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். லேப் நேரம் பார்க்கச் சாதாரண டிஜிட்டல் கடிகாரமே போதுமே. "அப்போ உங்களுடையதை எனக்குக் கொடுத்துடுங்க" என்றார்.

அதெப்படி? ஞாயிற்றுக்கிழமை 28 கிலோமீட்டர் ஓட வேண்டியிருக்கிறது.