தகரச் சுவரில் மின்பெட்டி பொருத்தக் கொடுப்போர் கவனத்திற்கு

எங்கள் பட்டறைக் கொட்டகையின் வெளிப்புறத் தகரச் சுவரில் விளக்குகளுக்கும் மோட்டாருக்குமான இணைப்புப் பெட்டிகளையும் பிவிசி குழாய்களையும் பொருத்தித் தருவதாக ஓர் ஒப்பந்தக்காரர் முழுத் தொகையையும் வாங்கிக்கொண்டு செய்துவைத்த வேலையின் தரம், முதல் பெருமழையிலேயே வெளிப்பட்டுவிட்டது. ஈரத்தரையில் நின்று இரும்புக் கதவைத் திறக்கப்போன பணியாளருக்கு ஷாக் அடித்தது. அவருக்குப் பெரிய காயமில்லை என்பதால்தான் இதை நிதானமாக எழுத முடிகிறது.

பிறகு வேறோர் அனுபவமுள்ள எலக்ட்ரீஷியனை அழைத்துப் பெட்டிகளைக் கழற்றிப் பார்த்தோம். பெட்டிக்குப் பின்னால் தகரத்தில் துளையிட்டவர்கள், அதன் பிசிறை அராவாமலும் துளையின் விளிம்பை மூடும் ரப்பர் வளையமான புஷ் போடாமலும் வயரை அப்படியே உள்ளே இழுத்திருந்தார்கள்; காற்றில் தகரம் அதிரும்போதெல்லாம் அந்தக் கூர்விளிம்பு வயரின் உறையைச் சிறிது சிறிதாக அறுத்து, கடைசியில் செம்பு தகரத்தைத் தொட்டிருக்கிறது. சுவருக்கு எர்த் கொடுத்திருந்தால் அப்போதே பிரேக்கர் விழுந்திருக்கும். எர்த் இல்லாததால் மின்சாரம் திரும்பிச் செல்ல வழியின்றி, கொட்டகை முழுவதும் மின்னேற்றத்துடன் யாராவது தொடும்வரை நின்றுகொண்டிருந்தது.

அப்படிப்பட்ட நேரத்தில் உயிரைக் காப்பதற்காகவே விலைப்பட்டியலில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, அதாவது அந்த அளவு மின்கசிவு ஏற்பட்டாலே இணைப்பைத் தானாகத் துண்டிக்கும் கருவி, எழுதப்பட்டிருந்தது. பலகையில் இருந்ததோ அதே உருவமுள்ள சாதாரண ஐசோலேட்டர், அதாவது கையால் மட்டுமே நிறுத்தக்கூடிய சுவிட்ச். ஆர்சிசிபியின் முகப்பில் சோதனைப் பொத்தான் ஒன்று இருக்கும், ஐசோலேட்டரில் அது இராது. இந்த வேறுபாடு தெரியாதவர்களை ஏமாற்றுவது மிக எளிது. இதைக் கவனக்குறைவு என்று என்னால் ஏற்க முடியவில்லை.

பொருத்திய முறையும் மோசமே. ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள தகட்டில் ஸ்க்ரூவின் மரைக்குப் பிடிப்பு கிடையாது. ஆகவே பெட்டியின் பாரம் தகரத்துக்குப் பின்னாலுள்ள இரும்புச் சட்டத்தில் இறங்க வேண்டும், அல்லது இரு சட்டங்களுக்குக் குறுக்கே சேனல் போட்டு அதில் பெட்டியை மாட்ட வேண்டும். இங்கே நெளிவுத் தகட்டின் மேடுகளின் மீதே பெட்டியை வைத்து இறுக்கியதால் அதன் முதுகு வளைந்து, மூடியின் ரப்பர் சரியாகப் படியவில்லை. போதாக்குறைக்குக் குழாயைப் பெட்டியின் மேற்பக்கத்திலிருந்து, நுழைவிடத்தை இறுக்கி அடைக்கும் கிளாண்ட்கூட இல்லாமல் நுழைத்திருந்தார்கள். பெட்டியின் மேல் அச்சிட்டிருந்த ஐபி 65 என்பது தூசியும் பீய்ச்சும் நீரும் புகாது என்ற உறுதிதான்; ஆனால் உச்சியில் அடைக்காத துளை போட்ட பிறகு அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. குழாய் கீழிருந்து ஏற வேண்டும் என்பது இத்தொழிலின் அரிச்சுவடி.

பின்புறத் துளைகளில் அப்பியிருந்த சிலிக்கான், காடி நெடி அடிக்கும் வகை. உலரும்போது அது வெளியிடும் அமிலம் துத்தநாகப் பூச்சை அரிக்கும் என்பதால், தகரத்துக்கு அந்த அமிலத்தை வெளியிடாத நியூட்ரல் வகையையே கேட்டு வாங்க வேண்டும். குழாய்களும் வளைந்து, இணைப்புகளிலிருந்து கழன்றிருந்தன. 3 மீட்டர் பிவிசி குழாய், வெப்பம் 40 டிகிரி கூடினால் சுமார் 8 மில்லிமீட்டர் நீளும். அதற்கு இடம்விடும் விரிவு இணைப்பு எங்குமே இல்லை.

ஒப்பந்தக்காரரிடம் கேட்டபோது, தகரம் மட்டமானது என்றார். ஐசோலேட்டரைப் பற்றிக் கேட்டதும், ஆர்சிசிபிக்குத் தனியாகப் பணம் கொடுத்தால் மாற்றித் தருவதாகச் சொன்னார், அதுவும் அவர் கையெழுத்திட்ட பட்டியலை நாங்கள் கையில் வைத்திருக்கும்போதே.

இத்தகைய வேலையைக் கொடுப்பவர்கள், கடைசித் தவணையைத் தருவதற்கு முன் ஆர்சிசிபியின் சோதனைப் பொத்தானைத் தங்கள் கண்ணெதிரே அழுத்தச் சொல்லுங்கள். தகரத்துக்கும் எர்த் முனைக்கும் இடையே தொடர்பு இருப்பதை மின்சாரத்தை நிறுத்திவிட்டு மீட்டரில் காட்டச் சொல்லுங்கள். ஏதேனும் ஒரு பெட்டியைக் கழற்றி, வயர் நுழையும் துளையில் புஷ் இருக்கிறதா என்றும் பாருங்கள். கழற்ற மறுத்தால் பணத்தை நிறுத்திவையுங்கள்.