சேலத்தில் ‘மரமேறும் கிட்’ வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

ஏற்காட்டில் மிளகு பறிக்கும் காலம் வந்துகொண்டிருக்கிறது. சரியாக இந்த நேரம் பார்த்து, சேலத்துக் கடை ஒன்றின் விளம்பரம் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்களில் சுற்ற ஆரம்பித்துவிட்டது. ஒரு பச்சைப் பை. உள்ளே நான்கு அலுமினியப் படித்துண்டுகள், இடுப்பில் கட்டும் பெல்ட், இரண்டு கயிறு, இரண்டு கொக்கி, கால் வைக்க ஒரு சின்னத் தட்டு. ‘எந்த மரமானாலும் ஐந்தே நிமிடம், ஏணியே வேண்டாம்’ என்று மேலே கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. விலை 9,999 ரூபாய். போன சீசனில் இதே செட் கறுப்புப் பையில் 11,500 ரூபாய்க்கு வந்தது. அதை வாங்கியவன் நான்.

யாரும் வாங்காதீர்கள். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். ‘மோசம், வாங்காதீங்க’ என்று இரண்டு வரியில் முடித்தால், பை நிறத்தை மாற்றி வரும் அடுத்த சரக்கை உங்களால் அடையாளம் காண முடியாது. கடையின் பெயரைச் சொல்லவில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது.

எங்களுக்கு நாகலூர் பக்கம் கொஞ்சம் காப்பித் தோட்டம் உண்டு. சேர்வராயன் மலையில் எங்கும் பார்ப்பதுதான்: கீழே காப்பி, நிழலுக்கு சில்வர் ஓக், அதைப் பற்றி ஏறிய மிளகுக் கொடி. சரத்தில் ஒன்றிரண்டு மணி சிவந்ததும் பறித்தாக வேண்டும். விட்டால் உதிரும், பறவையும் தின்னும். பறிப்பதற்கு ஒற்றை மூங்கில் ஏணிதான். கணுவில் விட்ட குச்சியில் கால் விரலை ஊன்றி, இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு, ஒரு கையால் ஏணியைப் பிடித்து மறு கையால் சரத்தைக் கிள்ளுவார்கள். பெல்ட்டும் கிடையாது, கயிறும் கிடையாது. விழுந்தவர்கள் கதை ஊருக்கு ஊர் இருக்கிறது. எங்கள் தோட்டத்துக்கு வருடா வருடம் பறிக்க வரும் அண்ணனுக்கும் வயதாகிறது. அவருக்கு ஏதாவது பாதுகாப்பு செய்ய வேண்டும், கையில் இருப்பதோ சின்னத் தொகை. அந்தக் கடைக்குப் போனது அதற்காகத்தான்.

கடைக்காரர் போனில் ஒரு வீடியோ காட்டினார். அமெரிக்காவில் வில்லும் அம்பும் வைத்து மான் வேட்டைக்குப் போகிறவர்கள் இப்படித்தான் ஏறுகிறார்கள் என்றார். அது உண்மைதான். நம் ஊரில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம், அந்தப் பேச்சே வேண்டாம். ஆனால் அவர்கள் ஏறும் முறை நல்ல முறைதான். இன்றைக்கு ஒரு மரம், நாளைக்கு வேறு மரம் என்று மாறிக்கொண்டே இருப்பதால் எல்லாவற்றையும் முதுகிலேயே சுமந்து போகிறார்கள். ஒரு படித்துண்டை மரத்தில் நாடாப் பட்டை போட்டு இறுக்குவது, அதில் ஏறி நின்று அடுத்ததை மேலே இறுக்குவது. ஏறும்போது இடுப்பிலிருந்து மரத்தைச் சுற்றி ஒரு கயிறு. மேலே போனதும் தலைக்கு மேல் இன்னொரு கயிற்றைக் கட்டி, தூளி மாதிரி இருக்கும் பெல்ட்டில் சாய்ந்து மணிக்கணக்காகக் காத்திருக்கிறார்கள். நல்ல கம்பெனிச் சாமான்கள் பெரும்பாலும் 300 பவுண்டு, அதாவது 136 கிலோ தாங்கும் என்று சோதித்து விற்கப்படுகின்றன.

கடைக்காரர் அந்த 136 கிலோவைத் தன் செட்டுக்கும் அப்படியே சொன்னார். வாட்ஸ்அப்பிலும் எழுதி அனுப்பினார். இது பின்னால் உதவியது.

வீட்டுக்கு வந்து பிரித்ததும் முதலில் கையில் எடுத்தது கொக்கியை. மலையேறுகிறவர்கள் காரபினர் என்பார்களே, அது. முதுகுப் பக்கம் ‘22 கேஎன்’ என்று வெள்ளை எழுத்து. கேஎன் என்றால் கிலோநியூட்டன். ஒரு கிலோநியூட்டன் என்பது ஏறக்குறைய 100 கிலோ எடை தொங்கும் விசை. 22 என்றால் 2,200 கிலோவுக்கு மேல். எழுபது கிலோ ஆளுக்கு எதற்கு இவ்வளவு என்று தோன்றும். கயிறு தொய்ந்து கிடக்கும்போது ஆள் நழுவினால், சட்டென்று நிற்கிற அந்தக் கணத்தில் விழும் இழுப்பு அவர் எடையைப் போலப் பல மடங்கு. அதற்காகத்தான். நிஜமான மலையேற்றக் கொக்கியில் மூன்று எண்கள் இருக்கும்: நீளவாக்கில் எவ்வளவு, குறுக்குவாக்கில் எவ்வளவு, வாய் திறந்திருந்தால் எவ்வளவு. கூடவே தயாரித்தவர் பெயர், இ.என். 12275 என்ற ஐரோப்பியத் தர எண் (உயரத்தில் வேலை செய்வதற்கான கொக்கி என்றால் இ.என். 362), சி.இ. என்ற ஐரோப்பிய முத்திரை, அதன் பக்கத்தில் நான்கு இலக்க எண். எல்லாமே உலோகத்தில் பொறித்திருக்கும்.

இதில் ‘22 கேஎன்’ மட்டும்தான். விரலால் தடவினால் ஓரம் நெருடியது. நகத்தால் நெம்பினேன், உரிந்து வந்தது. ஸ்டிக்கர். அதற்கடியில், உலோகத்தில் அச்சாக, ஆங்கிலத்தில் மூன்று சொற்கள்: ‘நாட் ஃபார் கிளைம்பிங்’. ஏறுவதற்கு அல்ல. சாவிக்கொத்தும் தண்ணீர் பாட்டிலும் மாட்டுகிற கொக்கி அது. இன்னொன்றையும் உரித்தேன். அதிலும் அதேதான்.

ஒரு எழுத்தை மறைக்க ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார் என்றால், அங்கே என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்குத் தெரியும். அறியாமல் விற்றார் என்று இனி யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம்.

அப்புறம் கயிறு. பார்க்க ஜோராக இருந்தது. கறுப்பில் ஆரஞ்சுக் கோடு. ஒரு துண்டு வெட்டி வாளித் தண்ணீரில் போட்டேன். மிதந்தது. நைலானும் பாலியஸ்டரும் தண்ணீரைவிடக் கனம், முங்கிவிடும். பாலிபுரொப்பிலீன் மிதக்கும். (டைனீமா என்கிற விலை கூடிய கயிறும் மிதக்கும்தான், இந்த விலை செட்டில் அதைப் போட யாருக்கும் பைத்தியம் பிடிக்கவில்லை.) பாலிபுரொப்பிலீன் வெயிலில் சீக்கிரம் நைந்துபோகும். 165 டிகிரி வாக்கில் உருகியும் விடும். பாலியஸ்டர் 250-ஐத் தாண்டும். கயிற்றின் மேல் முடிச்சு வழுக்கி உரசினால் சூடு ஏறும் என்பதை யோசித்துக்கொள்ளுங்கள். வெட்டிய வாயைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே சிவப்பு, பச்சை, நீலம் என்று கழிவு நூல், அதுவும் துண்டு துண்டாக. உயரத்தில் வேலை செய்வதற்கென்று இ.என். 1891 தரத்தில் வரும் கயிற்றை வெட்டினால், நடுவில் மெல்லிய பட்டை ஒன்று ஓடும். அதில் தயாரித்தவர், தர எண், வருடம் எல்லாம் அச்சாகியிருக்கும்.

மறுநாள் அண்ணன் வந்தார். பெல்ட்டை எடுத்து இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார்.

“ஏன் தம்பி, இதுல நீங்க ஏறுவீங்களா, நான் ஏறணுமா?”

நான் கொக்கி, கயிறு கதையைச் சொன்னேன். “அதை வுடுங்க. பெல்ட்டு தாங்குதான்னு மூட்டையைத் தொங்கவுட்டுப் பாப்போம்” என்றார்.

45 கிலோ யூரியா மூட்டை இரண்டைப் பெல்ட்டில் கட்டி, எங்கள் பழைய நைலான் கயிற்றால் ஆள் உயரத்தில் தொங்கவிட்டோம். மொத்தம் 90 கிலோ. சொன்ன 136-ஐவிட எவ்வளவோ குறைவு. ஆட்டவில்லை, உதறவில்லை, சும்மாதான் தொங்கியது. பக்கிளைத் தாண்டிப் பட்டையின் வால் நான்கு விரல் நீட்டிக்கொண்டிருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தோம், மூன்று விரலானது. டீ குடித்துவிட்டு வந்தால் மூட்டை தரையில் கிடந்தது. தையல் அறுபடவில்லை, பட்டை பக்கிளை விட்டு முழுசாக வெளியே வந்திருந்தது. நல்ல பெல்ட்டில் பட்டை பக்கிளுக்குள் நுழைந்து மடங்கித் திரும்பி வரும், பாரம் ஏற ஏற இறுகும். இதில் ஸ்கூல் பேக்கில் வரும் பக்கிளையே உலோகத்தில் வார்த்துப் போட்டிருந்தார்கள்.

புரூசிக் முடிச்சுக்கு (பெரிய கயிற்றைச் சுற்றிப் போடுவது, பாரம் விழுந்தால் இறுகிப் பிடிக்கும்) என்று ஒரு சின்னக் கயிறும் கொடுத்திருந்தார்கள், பெரிய கயிற்றின் அதே தடிமனில். அந்த முடிச்சுக்குச் சின்னக் கயிறு மெல்லியதாக இருந்தால்தான் கடித்து நிற்கும். சம தடிமனில் சுற்றினால் வழுக்கும், வழுக்கியது. செட்டைச் சேர்த்தவர் வாழ்நாளில் மரம் ஏறியதில்லை என்பது அப்போது புரிந்தது.

படித்துண்டுகள் மட்டும் ஒப்புக்கொள்ளும்படி இருந்தன. ஆனால் மிளகுக்கு அவை எதற்கும் உதவாது, நல்ல கம்பெனியில் வாங்கினாலும். வேட்டைக்காரன் ஏறும் மரம் வெறும் தண்டு. நாடாப் பட்டை நன்றாக இறுகும். நம் மரத்தில் தண்டைச் சுற்றிக் கொடி. இறுக்கினால் கொடி நசுங்கும், தளர்த்திக் கட்டினால் படி பக்கவாட்டில் திரும்பும். அவன் ஒரு மரத்தில் ஏறினால் பொழுதெல்லாம் அங்கேயே உட்கார்ந்திருப்பான். மிளகு பறிக்கிறவர் நாள் முழுக்க மரம் மாறிக்கொண்டே இருப்பார். ஒவ்வொன்றிலும் நான்கு படி கட்டி அவிழ்த்தால் கூலி கட்டுமா? கொடி இல்லாத மரத்தில் நிழல் குறையக் கிளை கழிக்க வேண்டுமென்றால் சரி, அதற்குப் பயன்படும்.

செட்டைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன்.

“யூஸ் பண்ணிட்டீங்களே சார், எப்படி ரிட்டர்ன் எடுக்கிறது?” என்றார். ஸ்டிக்கர் உரித்த கொக்கியை மேஜை மேல் வைத்தேன். அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. “இது கார்டன் ஐட்டம்ங்க. ஆள் ஏறுறதுக்குன்னு நான் எங்க சொன்னேன்?”

பில்லை எடுத்துப் பார்த்தால் அவர் சொல்வதற்கு ஏற்றாற்போலத்தான் இருந்தது. ‘எஸ்டிமேட்’ என்று தலைப்பிட்ட துண்டுச் சீட்டு. ஜி.எஸ்.டி. எண் இல்லை. ‘கார்டன் ஐட்டம் 1 செட்’ என்று ஒரு வரி. பணம் போயிருப்பதும் கடைக் கணக்குக்கு அல்ல, யாரோ ஒருவரின் கூகுள் பே எண்ணுக்கு. முன்கூட்டியே யோசித்து வைத்த ஏற்பாடு. அவருக்கு மறந்துபோனது வாட்ஸ்அப் ஒன்றுதான். ‘136 கிலோ தாங்கும், மிளகு பறிக்க சூப்பர்’ என்று அவர் கையால் டைப் செய்தது என் போனில் இருக்கிறது.

அந்த ஸ்க்ரீன்ஷாட், கூகுள் பே ரசீது, ஸ்டிக்கர் பாதி உரிந்த நிலையில் எடுத்த படம் எல்லாவற்றையும் வைத்து, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். அதற்குப் பிறகு கடையிலிருந்து போன் வந்தது: பாதிப் பணம் தருவாராம், மீதிக்குப் பொருள் எடுத்துக்கொள்ள வேண்டுமாம். அந்தக் கடையில் இன்னொரு பொருளா! வேண்டாம் என்றுவிட்டேன். அடுத்தது சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, ஆன்லைனிலேயே மனு போடலாம், வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும்.

சரி, சின்னத் தொகையில் என்னதான் வாங்குவது என்று கேட்பீர்கள். ஏணியை மாற்றாதீர்கள், படி, தட்டு எதற்கும் செலவு செய்யாதீர்கள். இருக்கிற பணத்தை ஆளைப் பிடித்து நிறுத்தும் நான்கு சாமான்களில் போடுங்கள்: பெல்ட், இடுப்பிலிருந்து மரத்தைச் சுற்றிப் போடும் லேன்யார்ட், கயிறு, கொக்கி. பெல்ட் என்றால் தோளும் தொடையும் சேர்த்துக் கட்டும் முழு உடல் பெல்ட், இடுப்பில் இரண்டு பக்கமும் வளையம் உள்ளதாக. கட்டட வேலைக்கு விற்கும் கடையிலேயே கிடைக்கும். ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 3521 என்ற எண்ணும் இருக்கிறதா பாருங்கள். முத்திரையோடு இருக்கும் சி.எம்./எல். என்ற உரிம எண்ணை, இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் போட்டால் எந்தக் கம்பெனிக்கு, எந்தப் பொருளுக்கு உரிமம் என்று காட்டும். கடையில் நின்றுகொண்டே பார்த்துவிடலாம். கொக்கி இரும்பில் வாங்குங்கள். அலுமினியத்தைவிடக் கனம், ஆனால் விலை குறைவு. நமக்கு மைல் கணக்கில் சுமக்கும் வேலை இல்லையே. கயிறு 11 மி.மீ., மீட்டர் கணக்கில் வெட்டித் தருவார்கள். பெல்ட்டும் கயிறும் பழையது மட்டும் வேண்டவே வேண்டாம். யாரையாவது விழாமல் பிடித்த பெல்ட்டை மறுபடி பயன்படுத்தக் கூடாது, அது பிடித்ததா இல்லையா என்று விற்கிறவர் சொல்லப் போவதில்லை. எனக்கு இந்த நான்கும் சேர்த்து அந்தக் கறுப்புப் பையின் விலைக்குள் முடிந்தது.

அண்ணன் முதலில் முனகினார், வேலை ஓடாது என்று. இப்போது ஏணி உச்சியைத் தண்டோடு கட்டிவிட்டு, லேன்யார்டைச் சுற்றிப் போட்டு, இரண்டு கையாலும் பறிக்கிறார். லேன்யார்ட் மட்டும் போதாது. அது சாய்ந்து நிற்கத்தான். கால் நழுவினால் தண்டோடு சேர்ந்து கீழே சரியும். தலைக்கு மேல் தண்டிலேயே கட்டிய இன்னொரு கயிறு, தொய்வில்லாமல், கட்டாயம் வேண்டும். கிளையில் கட்டக் கூடாது, சில்வர் ஓக் கிளை சொல்லாமல் ஒடியும். கீழே எப்போதும் ஓர் ஆள் இருக்க வேண்டும். பெல்ட்டில் அசைவில்லாமல் தொங்கிக்கொண்டிருந்தால் ரத்தம் காலில் தேங்கி மயக்கம் வரும், உயிருக்கே ஆபத்து.

இத்தனைக்கும் பிறகு, இல்லை, அந்தச் செட்டையே ஒரு தடவை பார்த்துவிட்டு வருகிறேன் என்பவர்கள், ஜி.எஸ்.டி. பில்லில் ‘ஆள் ஏறும் சாதனம், 136 கிலோ’ என்று எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். போன வாரம் நண்பர் ஒருவரை அனுப்பிக் கேட்கச் சொன்னேன். பில் புக் தீர்ந்துவிட்டதாம்.