சிந்தெடிக் ஸ்டாக்கா, லேமினேட் ஸ்டாக்கா?

வேட்டை ரைஃபிளுக்கு ஸ்டாக், அதாவது குழலைத் தாங்கித் தோளில் ஊன்றும் கட்டையை, மாற்றப் போகிறேன் என்றதும் எல்லோரும் எடை, மழை, அழகு என்றுதான் பேசுவார்கள். அவற்றைச் சீக்கிரம் முடித்துவிடலாம். பிளாஸ்டிக் போன்ற செயற்கைப் பொருளில் செய்த சிந்தெடிக் இலேசு, நனைந்தால் துடைத்துவிட்டுப் போகலாம். லேமினேட் கனம், ஆனால் பார்க்கவும் பிடிக்கவும் மரம். நான் லேமினேட் பக்கம் போனதற்கு இவை காரணமில்லை. குழலுக்குக் கீழே இருக்கும் முன்கட்டைதான் காரணம்.

என் ரைஃபிளோடு வந்தது அச்சில் வார்த்த பிளாஸ்டிக் ஸ்டாக். மணல்மூட்டை மேல் வைத்து மெதுவாகச் சுட்டால் குண்டுகள் நெருக்கமாக விழும். முன்கட்டையில் மாட்டும் இருகால் தாங்கியான பைபாடை விரித்து அதன்மேல் சாய்ந்தாலோ, தோள்வாரைக் கையில் சுற்றி இறுக்கினாலோ விழும் இடம் நகர்ந்துவிடும். முதலில் ஸ்கோப்பைச் சந்தேகப்பட்டேன், அப்புறம் தோட்டாவை. கடைசியில், துப்பாக்கி காலியாக இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு, குழலுக்கும் முன்கட்டைக்கும் நடுவே ஒரு தாளைச் செருகி இழுத்தேன். சும்மா இருக்கையில் வழுக்கிக்கொண்டு போன தாள், பைபாட் மேல் அழுத்தியதும் பாதியில் சிக்கிக்கொண்டது. முன்கட்டை வளைந்து குழலைத் தொட்டுக்கொண்டிருந்தது.

சுடும்போது குழல் அதிரும். அந்த அதிர்வு ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இருந்தால்தான் குண்டும் ஒரே இடத்துக்குப் போகும். தாள் இலக்கில் இரண்டு அங்குலம் விலகினால் மறுபடி சுடலாம். காட்டில் அதே விலகல் ஒரு விலங்கைக் காயத்தோடு ஓட விட்டுவிடும். அதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

லேமினேட் ஸ்டாக் என்பது பெரும்பாலும் பிர்ச் மரத்தை ஒன்றரை மில்லிமீட்டர் அளவு ஏடுகளாகச் சீவி, பிசின் தடவி, அழுத்தி ஒட்டிய கட்டை. ஒற்றை மரத்துண்டு ஈரம் பட்டால் முறுக்கிக்கொள்ளும். இதில் ஓர் ஏடு திரும்ப நினைத்தாலும் பக்கத்து ஏடுகள் விடாது. என்னுடையதில் எவ்வளவு சாய்ந்தாலும் தாள் தடையில்லாமல் ஓடுகிறது. இன்னொரு வசதி, கலந்து ஊற்றினால் கெட்டியாக இறுகும் எபாக்ஸி பசை மரத்தை நன்றாகப் பிடிக்கும். அதனால் ரைஃபிளின் உடல் உட்காரும் இடத்தை எபாக்ஸி ஊற்றி அச்சாகப் பொருத்துவது வீட்டிலேயே முடிகிற வேலை. மலிவான பிளாஸ்டிக்கில் அது சரியாக ஒட்டாது.

இதற்கு விலை எடைதான். என் ரைஃபிளில் ஏறத்தாழ 300 கிராம் கூடியது. நாள் முழுக்க மேடு ஏறும்போது தோளுக்குத் தெரிகிறது. சுடும்போது பின்னுதைப்பு குறைவதும் தெரிகிறது.

சிந்தெடிக் எல்லாமே தொளதொள என்று வளையும் என்று சொல்லமாட்டேன். கண்ணாடியிழை, கார்பன் இழைகளைக் கையால் அடுக்கிச் செய்யும் ஸ்டாக்குகள் விறைப்பாகவும் இலேசாகவும் இருக்கின்றன. விலைதான் பல மடங்கு. இரவல் வாங்கி இரண்டு நாள் மட்டும் பயன்படுத்தியதால், நீண்டநாள் உழைப்பைப் பற்றி என்னால் பேச முடியாது. உயரமான மலையில் பல நாள் சுமந்து திரிபவர், பணமும் இருந்தால், அதையே பார்க்கலாம். அச்சில் வார்த்த பிளாஸ்டிக்குக்கும் லேமினேட்டுக்கும் நடுவே என்றால் எனக்கு யோசனையே இல்லை.

லேமினேட் வாங்கினால் ஒன்று செய்யுங்கள். பின்பக்க ரப்பர் பட்டையைக் கழற்றி உள்ளே பாருங்கள். அந்த வெட்டுமுகமும், திருகுத் துளைகளும், குழல் படுக்கும் பள்ளமும் சில சமயம் வார்னிஷ் படாமலே வரும். ஈரம் நுழைவது அங்கேதான். மெல்லிய இரண்டு பூச்சு போட்டு, நன்றாகக் காயவிட்டு மாட்டுங்கள்.