உப்பா, சர்க்கரையா: கரைதிறன் பாடத்துக்கு எது?

கரைதிறன் சொல்லித்தர நான் முதலில் எடுப்பது உப்பைத்தான். அறை வெப்பநிலையில் 100 கிராம் தண்ணீரில் சுமார் 36 கிராம் கரையும். மிச்சம் அடியில் தங்கிவிடும். இனிமேல் கரையாது என்ற நிலைக்கு வந்த தெவிட்டிய கரைசலைப் பிள்ளைகள் கண்ணாலேயே பார்க்கலாம். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம்தான் உப்பு, இன்னும் எவ்வளவு கரையும் என்று கேட்டால், மெரினாவில் கால் நனைத்த பிள்ளைகள் ஆர்வமாகக் கணக்குப் போடுவார்கள்.

ஆனால் கொதிநீரிலும் உப்பு 39 கிராம் அளவுக்குத்தான் கரையும். வெப்பநிலையின் பங்கைக் காட்ட சர்க்கரைதான் சரி. அறை வெப்பநிலையிலேயே 200 கிராம் போலக் கரைவது, 100 டிகிரியில் 480 கிராமைத் தாண்டும். குலாப் ஜாமூன் பாகு உடனே ஞாபகம் வரும். அப்புறம், சூடான பாகு பட்டால் தோலோடு ஒட்டிச் சுட்டுவிடும். அதை நான்தான் காய்ச்சுவேன்.